கேட் மூடியிருந்த நேரம்

பொங்கலுக்கு இன்னும் பதினேழு நாள்.
முப்பத்திரண்டு உறை வாங்கியாயிற்று,
முகவரி எழுதியாயிற்று,
ஷார்ஜா நாத்தனாருக்குத் தனியாகத் தபால்தலை.
உள்ளே வைக்கத்தான் குடும்பம் வேண்டும்.

போன வருஷம் மயில்கழுத்து நிறத்தில் நால்வரும்.
பதினொரு முறை எடுத்தும்
பதினொரு முறையும் கண்ணை மூடினான் நிலவன்.
ஸ்டூடியோ தம்பி முந்தின வருஷப் படத்திலிருந்து
கண்ணை மட்டும் எடுத்து ஒட்டிக் கொடுத்தான்.
ஏழு வயது முகத்தில் ஆறு வயதுக் கண்கள்
முப்பத்திரண்டு வீட்டு அலமாரிகளிலிருந்து
யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன, வருஷம் முழுக்க.
பின்னால் ஓர் அருவி வேறு.
எங்கள் பக்கம் அருவி ஏது?
தண்ணீர் இங்கே நடந்து வரும், குதிக்காது.

அதற்கு முந்தின வருஷம் அழுதது நான்.
இஸ்திரி போட்ட சட்டையில் வீரையன் டீ சிந்த,
நான் கத்திய கத்தலில்
சிரிக்கவே மாட்டேன் என்று நின்றாள் யாழினி.
அட்டையில் அச்சாகியிருந்தது:
இனிய குடும்பத்தின் இன்பப் பொங்கல் வாழ்த்து.

இந்த வருஷம் மஞ்சள்.
மன்னார்குடி ஸ்டூடியோவில் நாலு மணிக்கு நேரம் வாங்கி,
மூன்றுக்கே கோயில்வெண்ணியிலிருந்து கிளம்பி,
யாரும் எதையும் தின்னக் கூடாது, சாயக் கூடாது,
கையை மடியில் வை என்று சொல்லிச் சொல்லி
நீடாமங்கலம் வந்தால்
கேட்.

இந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.
எஞ்சினைக் கழற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய்,
மறுபடி மாட்டி,
அது நகர்ந்ததும் நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்.
முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் பஸ்.
மூன்றே முக்காலுக்கு ஸ்டூடியோவுக்கு போன் செய்தேன்.
நாலே காலுக்குச் செய்தேன்.
நாலரைக்குத் தம்பியே கூப்பிட்டான்:
"அக்கா, நீடாமங்கலமா? நாளைக்கு வாங்க."

பிறகு என்ன ஆயிற்றென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்த கொண்டை ஊசியைப் பிடுங்கினேன்.
வீரையன் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு
வேர்க்கடலை வாங்கப் போனார்.
நாலு பொட்டலம். யாரையும் கேட்காமல்.
மஞ்சள் பாவாடையில் கடலைத் தோல் விழுந்தது.
சொல்ல வாய் வந்தது, போய்விட்டது.

நிலவன் வேகன் எண்ணினான்.
முப்பத்தொன்பது என்றான். நாற்பது என்றாள் யாழினி.
கடைசிப் பெட்டியைச் சேர்க்கணுமா கூடாதா என்று சண்டை.
கேட்கீப்பரையே கேட்டுவிட்டு வந்தார் வீரையன்:
"எண்ணுறதெல்லாம் நம்ம வேலை இல்ல சார்,
மூடுறது, திறக்கிறது. அவ்ளோதான்."
அதை அந்த ஆளின் குரலிலேயே சொல்லிக்காட்ட,
கடலை புரையேறி நாலு பேரும்

அப்போதுதான் வைக்கோல் லாரியின் கிளீனர் பையன்,
பெயர்கூடக் கேட்கவில்லை நான்,
"அக்கா, போனைக் குடுங்க" என்று வாங்கி
ஒரே ஒரு முறை அமுக்கினான்.

மார்கழி வெயில் சாய்கிற நேரம்.
படத்தில் வீரையனின் வாய் நிறையக் கடலை.
யாழினியின் விரல் வெளியே எதையோ காட்டுகிறது.
நிலவனின் கண் இரண்டும் திறந்திருக்கிறது,
அவனுடைய கண், எட்டு வயதுக் கண்.
பின்னால் பால் பிடித்த சம்பா,
குறுக்கே கேட் கம்பு,
ஒரு கொக்கின் கால் மட்டும்.
கண்ணை மூடியிருப்பது நான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
"உங்க கண்ணைப் போன வருஷத்துலேருந்து எடுத்துப் போட்டுடவா அக்கா?"
வேண்டாம்.
"கேட் கம்பையாவது?"
இருக்கட்டும்.
"அருவி?"
தம்பி, நீ அச்சடி.

உறைகளை ஒட்டியது பிள்ளைகள்.
இரண்டு கோணல், ஒன்றில் பசையோடு கைரேகை.
அப்படியே பெட்டியில் போட்டேன்.

போகி ராத்திரி ஷார்ஜாவிலிருந்து போன்.
அட்டை வந்துவிட்டதாம்.
வழக்கமாகப் புடவை நல்லா இருக்கு என்பாள், வைத்துவிடுவாள்.
இம்முறை எடுத்த எடுப்பில்,
"அண்ணி, கேட்டை எப்பத் திறந்தான்?"
"அஞ்சு பத்துக்கு."
"அவ்வளவு சீக்கிரமாவா?"